உரோம் நகரத்து வாடகைக்காரரும் நாமும்

கேள்வி இதுதான்: பழைய உரோம் நகரத்தில் சாதாரண சனங்கள் தொடர்மாடிகளில் வாடகைக்கு இருந்தார்கள், கடையில் வாங்கிச் சாப்பிட்டார்கள், சுவரெல்லாம் தேர்தல் விளம்பரம், அரசாங்கம் இலவசமாகத் தானியம் கொடுத்தது என்று காணொளிகளில் சொல்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை? கூடவே, அங்கே ஒரு வீட்டு வாடகை இன்றைய ரூபாயில் எவ்வளவு வரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது தனித்தனித் தகவல்களை விட, அந்தக் காலத்து வாடகைக்காரரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கலாமா என்பதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் வரலாற்றாசிரியன் அல்ல, கொழும்பில் வீடு, காணி வழக்குகள் பார்க்கிற சட்டத்தரணி. ஆனால் ஒல்லாந்தர் விட்டுப்போன உரோமன்-டச்சுச் சட்டத்தை 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் பிரித்தானியரும் தொடரவிட்டதால், இலங்கையில் வாடகை வழக்கு பேசுகிறவனுக்கு உரோமச் சட்டம் இன்னமும் அன்றாடச் சாமான். அதனால் வாடகை பற்றி விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றுக்கு ஆய்வாளர்களை நம்பித்தான் பேச முடியும், அங்கே சுருக்கிக்கொள்கிறேன்.

வாடகை விடயத்தில் ஒற்றுமை நிச்சயம் உண்டு, அதுவும் ஆச்சரியப்படும் அளவுக்கு. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரத்தில் ஒரு சுவர் விளம்பரம் இருந்தது. கிணேயஸ் அல்லெயஸ் நிகிடியஸ் மாயஸ் என்ற பெரும் புள்ளிக்குச் சொந்தமான கட்டிடத் தொகுதியில் மேல்தட்டு உள்ள கடைகள், தரமான மாடி வீடுகள், ஒரு தனி வீடு எல்லாம் யூலை முதலாம் திகதியிலிருந்து வாடகைக்கு உண்டு, விரும்புகிறவர்கள் அவருடைய அடிமை பிரைமஸைச் சந்திக்கவும் என்று அதில் எழுதியிருந்தது. அதே ஊரில் யூலியா ஃபெலிக்ஸ் என்ற பெண்மணி தன் வளவுக்குள் இருந்த குளியலகத்தையும் கடைகளையும் மாடி அறைகளையும் ஓகஸ்ட் 13 தொடங்கி ஐந்து ஆண்டுக்குக் குத்தகைக்கு விடுவதாக எழுதி வைத்தார். அந்த விளம்பரத்தின் கடைசியில் சில முதலெழுத்துகள் மட்டும் வரிசையாக நிற்கும். ஐந்து வருடம் முடிந்த பிறகு என்ன என்பது பற்றிய நிபந்தனையின் சுருக்கம் என்று பலர் வாசிக்கிறார்கள், ஆனால் அது ஊகம். நம்முடைய பத்திரிகை விளம்பரத்தில் வருகிற சுருக்கெழுத்துகளை இரண்டாயிரம் வருடம் கழித்து ஒருவர் வாசித்தாலும் இப்படித்தான் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

வழக்குகள் இதைவிடத் தெளிவு. பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில், கி.பி. 533இல், பழைய சட்ட அறிஞர்களின் கருத்துகளை வெட்டியெடுத்துத் தொகுத்த டைஜெஸ்ட் என்ற பெருந்தொகுப்பில் குத்தகைக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதில் கி.மு. 39இல் கொன்சலாக, அதாவது உரோமின் மிக உயர்ந்த பதவியில், இருந்த ஆல்ஃபெனஸ் வாரஸ் பதிவுசெய்த ஒரு விவகாரத்தைப் பாருங்கள். ஒருவர் முழுக் கட்டிடத்தையும் முப்பதுக்கு எடுத்து, மாடி வீடுகளைத் தனித்தனியாக வாடகைக்கு விட்டு நாற்பது சேர்க்கிறார். கட்டிடம் பழுது என்று சொல்லிச் சொந்தக்காரர் அதை இடித்துவிடுகிறார். இடையில் நிற்கிறவருக்கு எவ்வளவு நட்டஈடு? இடித்தே ஆகவேண்டிய நிலைமை இருந்திருந்தால், அவர் கொடுத்த வாடகையை வைத்து, ஆட்கள் இருக்க முடியாமல் போன காலத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். இடிக்கத் தேவையில்லாமல், இன்னும் நல்லதாகக் கட்டலாம் என்ற எண்ணத்தில்தான் இடித்தார் என்றால், உள்வாடகைக்காரர் வெளியேறாமல் இருந்திருந்தால் இடையாள் என்ன சம்பாதித்திருப்பாரோ அதைக் கொடுக்க வேண்டும். 'புனரமைப்பு' என்ற பெயரில் ஆட்களைக் கிளப்புகிற வேலையை ஆல்ஃபெனஸ் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார் என்று இதை வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன்.

அடுத்த கேள்வி: கட்டிடம் விழுந்துவிடும் என்று பயந்து வீட்டைவிட்டுப் போன வாடகைக்காரர் மிச்ச வாடகையைக் கட்ட வேண்டுமா? பயப்படுவதற்கு நியாயமான காரணம் இருந்தால், உண்மையில் ஆபத்து இல்லாமலிருந்தாலும் வாடகை இல்லை. காரணம் இல்லாத பயம் என்றால் கட்டத்தான் வேண்டும் என்றார் ஆல்ஃபெனஸ். பக்கத்துக் காணிக்காரர் உயரமாகக் கட்டி மாடிவீட்டின் வெளிச்சத்தை மறைத்துவிட்டால் வாடகைக்காரர் ஒப்பந்தத்தை விட்டுப் போகலாம் என்றார் பின்னால் வந்த காயஸ். அதே சமயம், திருத்தவேலைக்காக ஒரு மூலையை உடைத்ததால் கொஞ்சம் வசதி குறைந்தது என்று உடனே வாடகையில் வெட்டக் கூடாது, அந்தச் சின்னச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அங்கே உண்டு. இந்த மூன்றையும் பெயரும் தேதியும் மாற்றி இன்று ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் வைத்தால் யாருக்கும் அந்நியமாகத் தெரியாது.

ஏன் இவ்வளவு பொருந்துகிறது? காரணம் ஒன்றேதான். நெருக்கமான நகரம், குறைவான நிலம், கூடுதலான சனம், கட்டிடம் சிலர் கையில். முதலாவது பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் உரோமின் சனத்தொகை பத்து இலட்சத்தை எட்டியிருக்கும் என்பார்கள். இது தலை எண்ணிப் பெற்ற கணக்கு அல்ல. தானியம் வாங்கியவர்களின் தொகையை வைத்துப் பெருக்கிப் பார்த்த மதிப்பீடு, ஆகவே கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் நெரிசலுக்கு வேறு சாட்சிகள் இருக்கின்றன. புதிய கட்டிடங்கள் எழுபது உரோம அடிக்கு மேல் போகக் கூடாது என்று அகஸ்டஸ் எல்லை வைத்தார், அதாவது ஏறக்குறைய இருபத்தொரு மீற்றர். பின்னால் வந்த பேரரசர் டிராஜன் அதை அறுபதாகக் குறைத்தார். உயரமாகக் கட்டாத ஊரில் இப்படியொரு சட்டம் தேவைப்பட்டிருக்காது. பகலில் வண்டிகள் உள்ளே வரக் கூடாது என்று சூரிய உதயத்திலிருந்து பத்தாம் மணிவரை, அதாவது பின்னேரம்வரை, தடை இருந்தது. விளைவாக இரவெல்லாம் வண்டிச் சத்தம், நித்திரை கெட்டது என்று ஜூவெனல் என்ற கவிஞர் திட்டித் தீர்த்தார்.

வீட்டுக்காரர் பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு, பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோவே சாட்சி. கி.மு. 44 ஏப்ரலில், சீசர் கொலையுண்டு ஒரு மாதம் முடிந்த நேரத்தில், நண்பர் அத்திக்கஸுக்கு எழுதிய கடிதத்தில் நாட்டு நடப்புக்கு நடுவே தன் சொத்துக் கதையும் வருகிறது. என்னுடைய இரண்டு கடைகள் இடிந்து விழுந்துவிட்டன, மிச்சமும் வெடிப்பு விடுகிறது, வாடகைக்காரர் மட்டுமல்ல எலிகளும் குடிபெயர்ந்துவிட்டன என்கிறார். மற்றவர்கள் இதைப் பேரிழப்பு என்பார்கள், எனக்கு இது ஒரு தொந்தரவுகூட இல்லை என்று தத்துவம் பேசி சோக்ரட்டீஸுக்கு நன்றியும் சொல்கிறார். அப்புறம்தான் விடயம் வெளியே வருகிறது: வெஸ்டோரியஸ் என்ற வங்கிக்காரர் சொன்ன திட்டப்படி திரும்பக் கட்டினால் இந்த நட்டமே இலாபமாகிவிடுமாம். இடிந்த நேரத்தில் உள்ளே யாராவது இருந்தார்களா என்று ஒரு சொல் இல்லை. சிசரோவின் தமிழ் ரசிகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், எனக்கு அவரிடம் பிடிக்காத கடிதங்களில் இதுவும் ஒன்று.

இனி, ஒற்றுமை எங்கே அறுந்துபோகிறது என்று பார்ப்போம். உரோமில் வீட்டை விற்றுவிட்டால், புதிதாக வாங்கியவர் பழைய வாடகை ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. விற்பனைப் பத்திரத்தில் அப்படி நிபந்தனை போட்டிருந்தாலொழிய வாடகைக்காரரை வெளியே போகச் சொல்லலாம். வாடகைக்காரருக்கு மிஞ்சுவது பழைய வீட்டுக்காரர்மேல் நட்டஈட்டு வழக்கு மட்டும்தான். ஒல்லாந்தரின் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. விற்பனையை விட வாடகைக்கே முன்னுரிமை என்பது அவர்களுடைய விதி, இலங்கையிலும் அதைத்தான் பின்பற்றுகிறோம். எழுத்து விடயமும் அப்படியே. நம் நாட்டில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு நொத்தாரிசு எழுதிய உறுதி வேண்டும், உரோமில் இரண்டு பேரும் வாயால் ஒத்துக்கொண்டாலே போதும்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் வாடகை பாக்கி விடயத்தில் வருகிறது. வாடகைக்காரர் வீட்டுக்குள் கொண்டுவந்த சாமான்கள் எல்லாம் வாடகைக்கு ஈடு என்பது உரோம விதி. பாக்கி விழுந்தால் வீட்டுக்காரர் கதவைப் பூட்டிச் சாமானை உள்ளே மறித்து வைக்கலாம். வீட்டுக்காரருக்கு வாடகைக்காரரின் சாமான்மேல் உள்ள அந்த உரிமை உரோமன்-டச்சுச் சட்டத்துக்கும் இறங்கி வந்திருக்கிறது. இதுவரைக்கும் பழகிய கதை. ஆனால் டைஜெஸ்ட்டில் இதைப் பற்றிப் பேசுகிற இடத்தில் பவுலஸ் என்ற அறிஞர் எடுத்துக்கொள்கிற கேள்வி வேறு: மறித்து வைக்கப்பட்ட சாமான்களில் ஓர் அடிமையும் இருந்தால், வாடகைக்காரர் அந்த அடிமைக்கு விடுதலை கொடுக்க முடியுமா? கதவு பூட்டுவதற்கு முன்னால் கொடுக்கலாம், பூட்டிய பிறகு முடியாது என்பது பதில். வாடகைக்காக உள்ளே மறிக்கப்பட்ட அடிமையை யன்னலால் காட்டியே விடுதலை செய்துவிடலாம் என்று நேர்வா என்ற சட்ட அறிஞர் ஒரு வழி சொன்னாராம், அதற்காக மற்றவர்கள் அவரைக் கேலி செய்தார்களாம். கட்டில், பானை, பெட்டி என்ற வரிசையில் ஒரு மனிதர் உள்ளே நிற்கிறார். வெளியே நிற்கிற சட்டத்தரணிகளுக்கு அது ஒரு நுணுக்கமான, சிரிப்பூட்டுகிற சிக்கல். பிரைமஸ் என்ற பெயரை மேலே சொன்னேனே, வீடு பார்க்க வருகிறவர்கள் சந்திக்க வேண்டிய ஆள். அவர் தரகரும் அல்ல, முகாமையாளரும் அல்ல, தானும் முதலாளியின் சொத்து. காணொளிகள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். வேலை ஒன்றாகத் தெரிகிறது என்பதற்காக வேலை செய்கிறவரின் நிலையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், இது என் துறை சார்ந்தது. டைஜெஸ்ட்டில் பேசப்படுகிற வாடகைக்காரர்கள் பெரும்பாலும் வருடக் கணக்கில் ஒப்பந்தம் போட்டு, தவணை முடிவில் பணம் கட்டி, வழக்காடவும் வசதி உள்ளவர்கள். கூரைக்குக் கீழே ஓர் அறையை நாளுக்கோ கிழமைக்கோ எடுத்துக் கிடந்த கூலியாள் சட்டப் புத்தகத்தில் கிட்டத்தட்ட இல்லை. மின்தூக்கி இல்லாத காலம் என்பதால் கீழ்மாடிதான் விலை கூடியது, மேலே ஏற ஏற வாடகையும் வசதியும் இறங்கும். ஒஸ்தியா துறைமுக நகரத்தில் நின்றுபிடித்திருப்பதும் பெரும்பாலும் கீழ்த்தளங்கள்தான், மேல் மாடிகள் விழுந்துவிட்டன. ஆக ஏழை வாடகைக்காரர் சட்டத்திலும் இல்லை, இடிபாட்டிலும் இல்லை. அவரைப் பற்றி உறுதியாகப் பேசுகிற யாரையும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

காணொளிகள் விரும்பிச் சொல்கிற, உரோமின் பெரும் பணக்காரரான க்ராசஸின் கதைக்கு வருவோம். ஐந்நூறு பேர் கொண்ட தனியார் தீயணைப்புப் படை வைத்திருந்தார், எரிகிற வீட்டுக்கு முன்னால் நின்று பேரம் பேசி, விற்றால்தான் தண்ணீர் ஊற்றுவார் என்பது கதை. இதற்கு மூலம் வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க், அவரும் ஒன்றரை நூற்றாண்டு கழித்து எழுதியவர். அவர் சொல்வது, க்ராசஸ் எரிகிற வீடுகளையும் அவற்றை ஒட்டிய வீடுகளையும் பயந்துபோன சொந்தக்காரரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கினார், அவரிடம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள் என்பதுதான். அந்த அடிமைகள் கட்டிடக் கலைஞர்கள், மேசன்மார். தீயணைப்புப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உண்மையில் சொந்த ஆட்களை வைத்துத் தீயணைத்துப் பெயர் வாங்கியவர் எக்னேஷியஸ் ரூஃபஸ் என்ற அரசியல்வாதி. அந்தச் செல்வாக்கு அகஸ்டஸுக்குப் பிடிக்கவில்லை, கி.மு. 19இல் சதிக் குற்றச்சாட்டில் அவர் கொல்லப்பட்டார். பிறகு கி.பி. 6இல் அகஸ்டஸே ஏழு அணிகள் கொண்ட காவல்-தீயணைப்புப் படையை அமைத்தார், ஆட்கள் விடுதலை பெற்ற அடிமைகள். கட்டுக்கதையை விட இந்த உண்மைக் கதைதான் எனக்கு இன்றைக்குப் பொருந்துவதாகப் படுகிறது: சனங்களுக்கு உதவி செய்து ஆதரவு சேர்க்கிற உரிமையை ஆட்சியாளர் இன்னொருவருக்கு விடமாட்டார்.

இலவசத் தானியம் இருந்தது உண்மை. கி.மு. 123இல் அரசியல்வாதி கையஸ் கிராக்கஸ் மலிவு விலையில் தொடங்கினார், கி.மு. 58இல் க்ளோடியஸ் இலவசமாக்கினார். மாதம் ஐந்து மோடியஸ், கிட்டத்தட்ட முப்பத்துமூன்று கிலோ கோதுமை. ஓர் ஆளுக்குத் தாராளம், குடும்பத்துக்குப் போதாது. சீசர் பயனாளிகளை 3,20,000இலிருந்து 1,50,000 ஆகக் குறைத்தார், அகஸ்டஸ் காலத்தில் இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேல் நின்றது. ஆனால் இதை வறியோருக்கான நிவாரணம் என்று வாசித்தால் தவறு. வருமானம் பார்க்கவில்லை. உரோம் நகரத்தில் வசிக்கிற, குடியுரிமை உள்ள வளர்ந்த ஆண் என்பதுதான் தகுதி. மிக வறியவர்களான அடிமைகளுக்கும் வெளியூராருக்கும் பெண்களுக்கும் பட்டியலில் இடமில்லை. கிராக்கஸின் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த முன்னாள் கொன்சல் பிசோ, சட்டம் வந்ததும் தன் பங்கை வாங்க வரிசையில் வந்து நின்றார். ஏன் என்று கிராக்கஸ் கேட்டபோது, என் சொத்தை நீ ஆளாளுக்குப் பங்குபோடுவது எனக்கு விருப்பமில்லை, ஆனால் போட்டால் என் பங்கைக் கேட்பேன் என்றாராம். இந்த மனிதரை நமக்கு எல்லோருக்கும் தெரியும்.

தேர்தல் சுவரெழுத்து பொம்பெயில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் கிடைத்திருக்கிறது. பழ வியாபாரிகள், கோவேறுகழுதைக்காரர், பொற்கொல்லர் என்று தொழில்வாரியாக ஆதரவு கேட்டார்கள். வாத்தியா என்ற வேட்பாளரை 'இரவு வெகுநேரம் குடிப்பவர்கள் அனைவரும்' ஆதரிப்பதாக ஒன்று, 'சில்லறைத் திருடர்கள்' ஆதரிப்பதாக இன்னொன்று. எதிரிகளின் வேலையா, நண்பர்களின் பகிடியா என்று அறுதியாகச் சொல்ல முடியாது. பார்வைக்கு நம்முடைய சுவர்தான். ஆனால் கட்சி கிடையாது, கொள்கை கிடையாது, பணமில்லாதவர் நிற்கவே முடியாது. உரோம் நகரத்திலேயே கி.பி. 14இலிருந்து பதவிக்கு ஆள் தெரிவுசெய்கிற வேலை செனட் என்ற மேட்டுக்குடி மன்றத்துக்குப் போய்விட்டது. பொம்பெய் சுவரைக் காட்டி உரோமர்களின் சனநாயகம் என்று பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

கடைச்சாப்பாடு விடயம் நான் நினைத்ததை விட மங்கலானது. ஏழைகளுக்கு அடுப்பங்கரை இல்லை, அதனால் எல்லோரும் கடையில் சாப்பிட்டார்கள் என்பார்கள். தூக்கிக்கொண்டு போகக்கூடிய சிறிய கணப்படுப்புகள் நிறையக் கிடைத்திருப்பதால், அறைக்குள்ளேயே சமைத்திருக்கவும் வழியுண்டு. கடை மேசைகளில் பதித்த சாடிகளில் சூடான குழம்பு இருந்ததா, காய்ந்த கொட்டை, பருப்பு வகைகளா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. சுட்ட மண்சாடி உறிஞ்சும், கழுவக் கடினம். 2020இல் அறிவிக்கப்பட்ட பொம்பெய்க் கடையில் வாத்து, ஆடு, மீன், நத்தை எச்சங்கள் கிடைத்ததும் பல தளங்களில் முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு கடை ஊர் முழுவதற்கும் சாட்சி சொல்லாது.

கடைசியாக அந்த ரூபாய்க் கணக்கு. நேராக மாற்றித் தருகிற எந்த எண்ணையும் நான் நம்பமாட்டேன். அவர்களுடைய செலவில் தானியம் எவ்வளவு, துணி எவ்வளவு, வாடகை எவ்வளவு என்ற விகிதமே நம்முடையதோடு ஒத்துவராது, பிறகு நாணயத்தை மட்டும் மாற்றி என்ன பயன்? ஆனால் அவர்களுக்குள்ளேயே ஒப்பிடலாம். உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில் வாடகை பெரிய அரசியலாகிவிட்டது. கி.மு. 48இல் அரசியல்வாதி கேலியஸ் ரூஃபஸ் வாடகைத் தள்ளுபடி கேட்டுக் கிளம்பி உயிரை விட்டார், அடுத்த வருடம் டொலபெல்லா என்ற இன்னோர் அரசியல்வாதி அதே கோரிக்கையை எடுத்தபோது ஃபோரம் என்ற நகர மையச் சதுக்கத்தில் இரத்தம் ஓடியது. கடைசியில் சீசரே ஒரு வருட வாடகையைத் தள்ளுபடி செய்தார்: உரோம் நகரத்தில் இரண்டாயிரம் செஸ்டர்ஸ் (உரோம நாணயம்) வரை, இத்தாலியின் மற்ற இடங்களில் ஐந்நூறு வரை. தலைநகரத்துக்கும் வெளியூருக்கும் நாலு மடங்கு. அந்தக் காலத்துப் படைவீரரின் வருடச் சம்பளம் தொளாயிரம் செஸ்டர்ஸ். அப்படிப் பார்த்தால் இரண்டாயிரம் வரை சலுகை என்பது ஏழைக்கு மட்டும் கொடுத்தது இல்லை, ஓரளவு வசதியாக இருந்த வாடகைக்காரரையும் சேர்த்துக் குளிரவைத்திருக்கிறார். ரூபாய் வேண்டும் என்றால் இந்த விகிதங்களை உங்கள் ஊர்ச் சம்பளத்தோடும் வாடகையோடும் நீங்களே வைத்துப் பாருங்கள்.